இரண்டாவது கையெழுத்து

1. முதல் நாள் கேட்ட சலுகை

மார்த்தாண்டத்துக்குப் பக்கத்தில் உள்ள ஓர் அரசு மருத்துவமனைக்கு ஸ்டாஃப் நர்ஸாக மாற்றலாகிப் போன முதல் நாளே டாக்டரம்மாவிடம் நான் ஒரு சலுகை கேட்டேன். அது எந்த மருத்துவமனை என்று தேட வேண்டாம். ஆட்களின் பெயர்களையும் மாற்றியிருக்கிறேன்.

நான் இராஜாக்கமங்கலம் கடற்கரைக்காரி. ஞானஸ்நானம் முதல் கல்யாணம் வரை எல்லாம் ஒரே கோயிலில் நடந்தவள். கருவில் இருப்பதும் உயிர்தான், அதை அழிப்பது பாவம் என்று மறைக்கல்வி வகுப்பில் படித்ததை நர்சிங் படித்த பிறகும் நான் விடவில்லை. இன்றைக்கும் விடவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படித்து முடிக்கும்போது நான் கட்சி மாறிவிட்டேன் என்று சிலர் சந்தோஷப்படவும் சிலர் வருத்தப்படவும் கூடும். இரண்டு பேருக்கும் அந்தச் சிரமம் வேண்டாம்.

அந்த மருத்துவமனையில் வியாழக்கிழமைதோறும் கருக்கலைப்பு உண்டு. எங்கள் பாஷையில் எம்.டி.பி. மகப்பேறு டாக்டர் வசந்தா அம்மாவிடம் போய் நின்று, அந்தக் கேஸ்களுக்கு மட்டும் தியேட்டருக்குள் வரமாட்டேன், மற்றபடி எத்தனை பிரசவம் என்றாலும் பார்ப்பேன், எம்.டி.பி. முடிந்து யாருக்காவது ரத்தப்போக்கு என்றால் முதல் ஆளாக ஓடி வருவேன் என்று சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார்.

"மனசுக்கு ஒப்பலையா சிஸ்டர்?"

"ஒப்பல டாக்டர்."

"அப்ப வேண்டாம். வேற ஆள் போட்டுக்கிடுதேன்."

அவ்வளவுதான். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அந்த ஒரு நிமிடத்தின் விலை எனக்குத் தெரிய ரொம்ப வருடம் ஆனது.

தியேட்டருக்குப் பதிலாக ஓ.பி. மேசையைக் கொடுத்தார்கள். வருகிற பெண்களின் விவரம் கேட்டு கேஸ் ஷீட் எழுதுவது, டாக்டர் பார்த்து முடித்ததும் சி ஃபாரம் நிரப்புவது, எல்லாவற்றையும் உறையிலிட்டுப் பூட்டுவதற்கு டாக்டரிடம் கொடுப்பது என் வேலை. சி ஃபாரம் என்பது கருக்கலைப்புக்குப் பெண் எழுதித் தரும் சம்மதம். அடியில் ஒரே ஒரு கையெழுத்துக்குத்தான் இடம் உண்டு. பதினெட்டு வயது நிரம்பி, மனநலத்தோடு இருக்கும் பெண் என்றால் அவளுடைய சம்மதம் மட்டும் போதும் என்பதுதான் சட்டம். இதைப் பரீட்சைக்குப் படித்து நல்ல மார்க்கும் வாங்கியிருந்தேன்.

2. முத்திரை செய்த கதை

அங்கே போய் ஒன்றரை வருடம் இருக்கும். ஒரு வெள்ளிக்கிழமை காலை ஓ.பி. நிறைந்து கிடந்த நேரத்தில் ஓர் ஆள் உள்ளே பாய்ந்து வந்தான். முந்தின நாள் அவனுடைய மனைவிக்கு எம்.டி.பி. நடந்திருக்கிறது. அவள் அவனிடம் சொல்லவில்லை. வீட்டில் மாத்திரைக் கவரைப் பார்த்துக் கண்டுபிடித்திருக்கிறான். தன்னிடம் கேட்காமல் எவன் செய்தான் என்று கத்திக்கொண்டே, குழந்தைகளை எடை பார்க்கும் மெஷினை எட்டி உதைத்தான். தடுப்பூசிக்கு வந்த தாய்மார் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். போலீஸ் வந்து அவனைக் கூட்டிக்கொண்டு போனது. அந்தப் பெண்ணுக்கு வீட்டில் என்ன நடந்தது என்று நாங்கள் யாரும் விசாரிக்கவில்லை. எங்கள் பயம் எங்களுக்கு.

வசந்தா டாக்டர் பயந்துபோயிருந்தார். அப்போது யோசனை சொன்னவள் நான்தான். மற்ற ஆபரேஷன்களுக்கு பைஸ்டாண்டரிடம், அதாவது கூட வந்த ஆளிடம், கையெழுத்து வாங்குகிறோமே, இதற்கும் ஒன்று வாங்கிவிட்டால் நாளைக்கு யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள் என்றேன். டாக்டர் சட்டத்தைப் பற்றி ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு உடைந்த எடை மெஷினைப் பார்த்துவிட்டு, சரி, செய்யுங்கள் என்றார்.

முதலில் சி ஃபாரத்தின் அடியில் ஸ்கேலை வைத்துக் கோடு போட்டு எழுதினேன். எனக்கு எல்லாம் நறுவிசாக இருக்க வேண்டும். என் ரிஜிஸ்டர்களைப் பார்த்து இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்தவர்கள் பாராட்டியதுண்டு. எனவே மார்த்தாண்டத்தில் ஒரு கடையில் சொல்லி ரப்பர் முத்திரையே செய்துவிட்டேன். "கணவர் / காப்பாளர் ஒப்பம்" என்று இரண்டு வரி. எங்கள் பக்கத்தில் கையெழுத்தை ஒப்பு என்றுதான் சொல்வோம். முத்திரை விழுந்த பிறகு அந்தக் காகிதத்தைப் பார்த்தால், அச்சகத்திலிருந்தே அப்படி வந்தது என்றுதான் யாருக்கும் தோன்றும்.

முத்திரை வந்த பிறகு ஒரு மாற்றம் தெரிந்தது. ஃபாரத்தை வாங்கிக்கொண்டு போகும் பெண்களில் சிலர் திரும்பி வரவில்லை. கணவர் சம்மதிக்கவில்லை, மாமியார் விடவில்லை, ஏதோ ஒன்று. அப்படி வராமல் போனவர்களை நான் மனதுக்குள் எண்ணத் தொடங்கினேன். தியேட்டர் வாசலை மிதிக்காமல், யாரிடமும் வாதாடாமல், ஒரு முத்திரையை வைத்து என் பங்குக்கு இத்தனை உயிர் தப்பியது என்று நினைத்துக்கொள்வேன். ஞாயிற்றுக்கிழமை பூசையில் அதற்காக நன்றி சொன்னதும் உண்டு. வெட்கத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

3. அஜிதா

அஜிதா வந்தது மழை விட்டு விட்டுப் பெய்த ஒரு திங்கட்கிழமை. வயது இருபத்தேழு இருக்கும். கேரள எல்லைப் பக்கத்துக் கிராமம். கணவர் மஸ்கட்டில் ஏ.சி. மெக்கானிக். மாமனார் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவர். அவள் இடுப்பில் மூன்றரை வயது மகள் அம்மு இருந்தாள். அம்மு பிறந்ததும் அழவில்லை. மூளைக்கு ஆக்சிஜன் போகாமல் கால் இரண்டும் இறுகிப்போன பிள்ளை. ஆனால் முகத்தில் அப்படி ஒரு தெளிச்சம். என் மேசையில் இருந்த ஸ்டெதஸ்கோப்பை இழுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டது.

அஜிதா காப்பர்-டி போட்டிருந்தவள். அது எப்போதோ தானாக வெளியே வந்துவிட்டிருக்கிறது. அது தெரியாமல் இருந்தபோது கணவர் லீவில் வந்து போயிருக்கிறார். ஸ்கேனில் எட்டு வாரம் என்று வந்திருந்தது. முதல் பிரசவம் சிசேரியன்.

பிள்ளையை ஏன் வேண்டாம் என்கிறாய் என்று கேட்டேன். அதை நான் கேட்ட தோரணை நன்றாக இல்லை என்பது எனக்கு அப்போதே தெரியும். அவள் கோபப்படவில்லை.

"வேண்டாம்னு இல்ல சிஸ்டரே. இவ இப்பந்தான் செவுரு பிடிச்சி நிக்கா. இன்னும் ஒரு வருசம் விடாம கொண்டு போனா நடக்க சான்ஸ் உண்டுன்னு தெரப்பி சாரு பறஞ்சாரு. வயித்துல ஒண்ண வச்சிட்டு இவள நான் எப்பிடித் தூக்குவேன்? இவ நடக்கட்டும். பொறவு நானே வந்து பெறுதேன்."

திங்கள், புதன், வெள்ளி என்று வாரத்தில் மூன்று நாள், இரண்டு பஸ் மாறி நாகர்கோவிலுக்கு பிசியோதெரப்பிக்கு அந்தப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்க்கொண்டிருந்தாள். அன்றைக்கும் தெரப்பி முடித்துவிட்டுத்தான் எங்களிடம் வந்திருந்தாள். அம்முவின் காலை நிமிர்த்திப் பிடிக்கும் காலிபர் ஷூவில் செம்மண் ஒட்டியிருந்தது.

வசந்தா டாக்டர் பார்த்தார். எட்டு வாரம்தான், மாத்திரையிலேயே முடிந்துவிடும், பழைய சிசேரியன் இருப்பதால் அட்மிட் செய்து கொடுக்கலாம், வியாழக்கிழமை வா என்று சொல்லிவிட்டு வார்டுக்குப் போனார். அஜிதா மறுபடியும் என் மேசைக்கு வந்தாள். நான் சி ஃபாரத்தை நிரப்பி, அடியில் முத்திரையைக் குத்தி, வீட்டுக்காரருடைய ஒப்பு வேண்டும் என்றேன். அவர் மஸ்கட்டில் இருக்கிறார் என்றாள். அப்படியென்றால் மாமியாரிடம் வாங்கி வா என்றேன். மாமிக்குத் தெரிந்தால் காரியம் நடக்காது என்றாள். வீட்டுக்குத் தெரியாமல் இப்படி ஒரு காரியம் செய்யலாமா என்று நான் புத்தி சொன்னேன்.

அவள் ஃபாரத்தைக் கையில் எடுத்து ஒவ்வொரு வரியாகப் படித்தாள். பிளஸ் டூ முடித்தவள். படித்துவிட்டு விரலால் அவளுடைய கையெழுத்துக்கான இடத்தைத் தொட்டுக் காட்டினாள்.

"எனக்க ஒப்பு மட்டும் போராதா சிஸ்டரே?"

"போராது" என்றேன்.

போதாது என்பதை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். முப்பத்தொரு வருட வேலையில் நான் சொன்ன பொய்களிலேயே மிகச் சின்னது அந்த ஒரு வார்த்தை. அவள் ஃபாரத்தை மடித்துப் பைக்குள் வைத்தாள். ஸ்டெதஸ்கோப்பை அம்முவின் கையிலிருந்து பிடுங்காமல், கொஞ்சிக் கொஞ்சி வாங்கி, என் மேசையில் வைத்துவிட்டுப் போனாள்.

வியாழக்கிழமை அவள் வரவில்லை. ரவுண்ட்ஸ் முடித்த டாக்டர், அந்த அஜிதா எங்கே என்று கேட்டார். ஒப்பு வாங்க அனுப்பினேன், வரவில்லை என்று உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அவர் ஒருவேளை கிராம நர்ஸை அனுப்பி விசாரித்திருப்பார். அவர் அப்படிச் செய்யக்கூடியவர்தான். அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் வேறு பதில் சொன்னேன்.

"மனசு மாறிட்டு போல டாக்டர்."

"நல்லது" என்று அவர் அடுத்த கேஸ் ஷீட்டை எடுத்தார். நான் என் குறிப்பேட்டில் அஜிதாவின் பெயருக்கு எதிரே "விருப்பமில்லை" என்று சிவப்பு மையில் எழுதினேன். என் கையெழுத்து மணி மணியாக இருக்கும். அன்றைக்கும் அப்படித்தான் இருந்தது.

4. பிரசவ வார்டில்

அடுத்த ஏழு மாதத்தில் அந்த வீட்டில் நடந்தது எனக்குப் பிறகுதான் தெரிய வந்தது. அவள் மாமியாரிடம் ஃபாரத்தைக் கொடுத்திருக்கிறாள். அன்றைக்கே மஸ்கட்டுக்கு போன் போயிருக்கிறது. சொந்தக்காரர்கள் கூடிவிட்டார்கள். முதல் பிள்ளை இப்படி ஆகிவிட்டதே, நல்லதாக ஒன்று வருகிற நேரத்தில் அதை அழிக்கப் பார்க்கிறாளே, இவளுக்குப் பொறுப்பு உண்டா என்று ஆளாளுக்குக் கேட்டிருக்கிறார்கள். அவளுடைய சொந்த அம்மாவே வந்து ஃபாரத்தைக் கிழித்து அடுப்பில் போட்டாளாம். பொறுப்பு என்ற சொல்லை அந்த வீட்டில் எல்லோரும் அவளிடம்தான் கேட்டார்கள். மாதம் பன்னிரண்டு தடவை அந்தப் பிள்ளையை இடுப்பில் வைத்து நாகர்கோவிலுக்குப் போனவள் அவள் ஒருத்திதான்.

நாலாம் மாதத்தில் அவளுக்கு ரத்தக்கசிவு ஏற்பட்டது. நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருக்கிறது, எதையும் தூக்கக்கூடாது, படுக்கையை விட்டு எழுந்திருக்கவே கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அம்முவை மாமியார் இரண்டு தடவை தெரப்பிக்குக் கொண்டு போனாள். முட்டுவலிக்காரி, பஸ் படியில் பிள்ளையோடு தடுமாறி விழுந்தாள். அதற்குப் பிறகு யாரும் கொண்டு போகவில்லை.

பிரசவத்துக்கு அஜிதா எங்களிடம்தான் வந்தாள். சிசேரியன். பெண் குழந்தை, மூன்று கிலோ, பிறந்த உடனே நல்ல அழுகை. அன்றைக்கு தியேட்டரில் நான் இருந்தேன். அந்தக் குழந்தையைத் துடைத்து, துணியில் சுற்றி, பெரிய வெற்றியோடு அவள் முகத்துக்கு நேரே கொண்டு போனேன்.

"பாத்தியா மக்கா, இந்த மொகத்தயா வேண்டாம்னு சொன்ன?"

அவள் குழந்தையின் நெற்றியில் முத்தம் கொடுத்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் காது வரை வடிந்தது. பிறகு என்னிடம், வெளியே மாமி நிற்கிறாளா, அப்படியென்றால் வீட்டில் அம்முவை யார் பார்க்கிறார்கள் என்று கேட்டாள். களைப்பில் ஏதோ பேசுகிறாள் என்று நினைத்து நான் குழந்தையை எடை பார்க்கக் கொண்டு போனேன்.

5. சான்றிதழ் முகாம்

அஜிதா முதலில் என் மேசைக்கு வந்து நாலரை வருடம் கழிந்தது. வசந்தா டாக்டர் ஓய்வு பெற்றுப் போனார். எனக்கு ஹெட் நர்ஸ் பதவி வந்தது. முத்திரை அதே டிராயரில், அதே மையோடு கிடந்தது.

எங்கள் வளாகத்தில் மாற்றுத்திறனாளிகளுக்குச் சான்றிதழ் கொடுக்கும் முகாம் ஒன்று நடந்தது. வராண்டாவில் நாற்காலி போட்டு டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்தேன். வரிசையில் ஒருத்தி பெரிய பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, உடம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றாள். பிள்ளையின் கால் இரண்டும் கத்தரிக்கோல் மாதிரி பின்னிக் கிடந்தன. அவளுடைய துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டு சிறு பெண் ஒன்று, கண் படும்படி அழகாக நின்றது. முகத்தைப் பார்த்ததும் எனக்குப் பெயர் ஞாபகம் வந்துவிட்டது. அம்முவுக்கு இப்போது எட்டு வயது.

அஜிதாவைக் கூப்பிட்டு என் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்தேன். அம்மு நடக்கிறாளா என்று கேட்க வாய் வரவில்லை. பார்த்தாலே தெரிந்தது. தெரப்பி என்ன ஆனது என்று கேட்டேன். சின்னவளுக்கு ஒரு வயது ஆன பிறகு மறுபடியும் போனார்களாம். அதற்குள் இடுப்பு மூட்டு இறுகிவிட்டது, ஆபரேஷன் செய்துதான் பார்க்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். தெரப்பி நிற்காமல் இருந்திருந்தால் அம்மு நடந்திருப்பாள் என்று நான் எழுத மாட்டேன். எந்த டாக்டரும் அப்படி உறுதி சொல்ல முடியாது. அந்த ஒரு வருடம் கிடைத்திருந்தால், நடப்பாளா மாட்டாளா என்பது அஜிதாவுக்காவது தெரிந்திருக்கும்.

ஆறுதல் சொல்லிப் பழகிய வாய் சும்மா இருக்கவில்லை. கடவுள் தந்த பிள்ளை மாளு இருக்கிறாளே, அவளைப் பார்த்து மனதைத் தேற்றிக்கொள் என்றேன். மாளு என்பது சின்னவளின் பெயர். அஜிதா மாளுவின் கையில் பிஸ்கட்டைக் கொடுத்து, வராண்டா முனையில் இருந்த மீன்தொட்டியைப் பார்க்க அனுப்பினாள். அவள் காதில் விழாத தூரம் போன பிறகுதான் பேசினாள்.

"மாளு எனக்க உசிரு. அவ இல்லாத ஒரு நாள என்னால நெனச்சிப் பாக்க முடியாது. அதக்கொண்டுதான் இத நான் இதுவர ஒருத்தருட்டயும் பறயல. அன்னைக்கு வேண்டாம்னு நான் முடிவு எடுத்திருந்தா, அந்தப் பாவத்த நானே சொமந்திருப்பேன். வேணும்னு எடுத்திருந்தா, அம்முவுட்ட, நாந்தான் மக்களே இப்பிடிச் செய்தேன்னு மன்னிப்புக் கேட்டிருப்பேன். இப்பம் நான் ஒண்ணும் எடுக்கல. எல்லாரும் எடுத்தாவ. தூக்கிட்டு நடக்கது மட்டும் நானு."

பிறகு அவள், அந்த வியாழக்கிழமை டாக்டரம்மா தன்னைத் தேடினார்களா என்று கேட்டாள். நாலரை வருடமாக அவள் மனதில் கிடந்த கேள்வி அது என்று அவள் கேட்ட விதத்திலேயே தெரிந்தது. யாராவது வந்து கேட்பார்கள் என்று அவள் அந்த வாரம் முழுவதும் வாசலைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறாள்.

பொய் சொல்லித் தப்பியிருக்கலாம். சொல்ல முடியவில்லை. டாக்டர் கேட்டார், நான்தான் உன் மனசு மாறிவிட்டது என்று சொன்னேன், சட்டப்படி உன் ஒப்பு மட்டுமே போதும், அந்த முத்திரை நான் செய்தது என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் அம்முவைத் தூக்கி இடுப்பில் சரி செய்தாள்.

"எனக்க மனசு மாறிச்சின்னு ஒங்களுக்கு எப்பிடி சிஸ்டரே தெரிஞ்சி?"

அதற்குள் அவளுடைய டோக்கனைக் கூப்பிட்டார்கள். எழுந்து போனாள். மாளு மீன்தொட்டியிலிருந்து ஓடி வந்து அவளுடைய துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டது.

6. மேம்பாலத்தில்

அன்றைக்கு வீட்டுக்குப் போகும்போது பஸ் மார்த்தாண்டம் மேம்பாலத்தில் நெரிசலில் மாட்டி ரொம்ப நேரம் நின்றது. அங்கே உட்கார்ந்திருந்தபோதுதான் என் முதல் நாள் எனக்கு ஞாபகம் வந்தது.

மனசுக்கு ஒப்பவில்லை என்று நான் ஒரு வார்த்தை சொன்னேன். டாக்டர் அதோடு விட்டுவிட்டார். என் மனசு எனக்குத் தெரியும் என்று அவர் நம்பினார். உன் வீட்டுக்காரரிடம் ஒரு கடிதம் வாங்கி வா, மாமியாரிடம் கேட்டு வா என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் என் கதி என்ன? என் வீட்டுக்காரர் நல்லவர், ஆனால் கவர்மென்ட் வேலையில் போய் இப்படியெல்லாம் பேசி வம்பை விலைக்கு வாங்குவாயா என்று அன்றைக்கு சாயங்காலம் என்னைச் சத்தம் போட்டவர். அவர் ஒப்பு போட்டே இருக்க மாட்டார். வியாழக்கிழமைதோறும் அழுதுகொண்டே தியேட்டருக்குள் போயிருப்பேன்.

எனக்கு ஒரே வாய்ச்சொல் போதுமாயிருந்தது. அஜிதாவுக்கு மட்டும் கையெழுத்து போதாது என்றேன். கருக்கலைப்பு பாவம் என்று நான் நம்பியது வேறு. அதை அவளிடம் நேராகச் சொல்லியிருந்தால்கூட அது ஒரு மனுஷி இன்னொரு மனுஷியிடம் பேசுவதாக இருந்திருக்கும். அவள் கேட்டிருப்பாள், இல்லை என்றால் போ என்றிருப்பாள். நான் அந்தத் தைரியம் இல்லாமல் ஒரு ரப்பர் துண்டுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். இதை நினைத்தபோது பஸ்ஸில் எல்லோர் நடுவிலும் அழுதேன். பக்கத்து சீட்டுப் பெண், சுகமில்லையா என்று கேட்டு ஜன்னலைத் திறந்துவிட்டாள்.

மறுநாள் புது டாக்டரிடம் முத்திரையைக் கொண்டு போய் வைத்தேன். அவர் திருநெல்வேலிக்காரி, என் மகள் வயது, வேலையில் சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. இது எந்த ஜி.ஓ.வில் இருக்கிறது என்று கேட்டார். எதிலும் இல்லை, நான்தான் செய்தேன் என்றேன். எழுதிக் கொடுக்கச் சொன்னார், எழுதிக் கொடுத்தேன். விளக்கம் கேட்டு மெமோ வந்தது, பதில் எழுதினேன். என் ரிட்டையர்மென்ட்டுக்கு ஒரு வருடம்கூட இல்லை என்பதால் ஃபைலை அதோடு மூடிவிட்டார்கள். ஏதாவது தண்டனை கொடுத்திருந்தால் கொஞ்சம் ஆறியிருக்கும்.

7. கதவைச் சாத்திய பிறகு

இத்தோடு முடிந்தது என்று நான் நினைத்தேன். அந்த முத்திரை எனக்கு இன்னொன்றையும் மிச்சம் வைத்திருந்தது.

ஓய்வு பெறுவதற்கு மூன்று மாதம் இருக்கும்போது ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். எங்கள் மேசை பழக்கமானவன் போல அவன் பேசினான். பத்து வாரம், வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டோம், ஃபாரத்தைக் கொடுங்கள் என்றான். கொடுத்ததும் பேனாவை எடுத்துத் தன் ஒப்பைப் போட இடம் தேடினான். இடம் இல்லாததைக் கண்டு, நான் போட வேண்டியது எங்கே சிஸ்டர் என்று கேட்டான். அது இப்போது கிடையாது, வெளியே இருங்கள், கூப்பிடுகிறேன் என்று அவனை அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினேன்.

அவள் பெயர் ரெஜினா. தலையைக் குனிந்துகொண்டு இருந்தாள். ஒப்பு போடவா என்று கேட்டாள். அந்த நிமிடம் வரை நான் இந்தப் பெண்களிடம் தனியாக எதையும் கேட்டதில்லை. வேண்டாம் என்று வருகிறவர்கள் வேண்டாம் என்றுதான் இருப்பார்கள் என்ற எண்ணம். முழு ஒப்போடு வந்த ஃபாரங்களை நான் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டேன். என் மனசுக்கு ஒப்பாத வேலை, சீக்கிரம் கையை விட்டுப் போனால் போதும் என்று உறையில் போட்டுத் தள்ளிவிடுவேன்.

"ஒனக்க ஒப்பு மட்டும் போரும் மக்கா" என்றேன். "அவருக்க ஒப்புக்கு இதுல எடமே இல்ல. வேணும்னாலும் நீதான் சொல்லணும், வேண்டாம்னாலும் நீதான் சொல்லணும்."

அவள் தலையைத் தூக்கினாள்.

"அப்பம், எனக்கு மனசு இல்லன்னா போடாண்டாமா?"

"போடாண்டாம்."

அவள் ஃபாரத்தை என் பக்கம் தள்ளி வைத்தாள். வெகு நேரம் அழுதாள். நான் தண்ணீர் கொடுத்தேன். அழுகை நின்ற பிறகு, எனக்கு இது வேண்டும் சிஸ்டர் என்றாள். டாக்டரைக் கூப்பிட்டு வரட்டுமா, அவர் உன் வீட்டுக்காரரிடம் பேசுவார் என்று நான் எழுந்தேன். மனதுக்குள் ஒரு சந்தோஷம்கூட வந்தது, உண்மையைச் சொன்னால் என்ன. அப்போது அவள் சொன்னாள்.

"மூணு வருசத்துக்கு முந்தியும் ஒருக்கா வந்தேன் சிஸ்டர். இதே மேசதான், நீங்கதான் இருந்திய. அவரு முதல்ல போட்டாரு, பொறவு என்னயும் போடச் சொன்னாரு. அன்னைக்கும் எனக்கு மனசு இல்ல. ஆரும் கேக்கல."

அவளுடைய பழைய ஃபாரம் டாக்டரின் அலமாரியில் ஓர் உறைக்குள் இருந்தது. திறந்து பார்க்க அவசியம் இருக்கவில்லை. அது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். என் முத்திரை கோணாமல் நேராக விழுந்திருக்கும்.

ஒப்பு கிடைக்காமல் திரும்பி வராதவர்களை மட்டும் அத்தனை வருடம் நான் எண்ணிக்கொண்டிருந்தேன். இரண்டு ஒப்போடு திரும்பி வந்து, ஒன்றும் பேசாமல் தியேட்டருக்குள் போனவர்களை எண்ணவே இல்லை. அவர்களில் எத்தனை ரெஜினாக்கள் என்று இனி எண்ணவும் முடியாது. பாவசங்கீர்த்தனத்தில் இதைச் சொல்லிவிட்டேன். சாமியார் மன்னிப்பு வழங்கினார். மாளுவுக்காகவும், அம்முவுக்காகவும், ரெஜினாவின் பெயர் வைக்கப்படாத அந்த முதல் பிள்ளைக்காகவும் தினமும் செபமாலை சொல்கிறேன். எதையும் அது திருத்திவிடாது என்று தெரிந்துதான் சொல்கிறேன்.

வேலைக்குப் புதிதாகப் போகிற பிள்ளைகளுக்கு நான் சொல்ல இவ்வளவுதான் உண்டு. உங்கள் மனசுக்கு ஒப்பாத காரியத்தில் கை வைக்க மாட்டேன் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு, பயப்படாமல் சொல்லுங்கள். அதே உரிமை மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவளுக்கும் உண்டு. அவள் என்ன சொல்வாள் என்று உங்களுக்குத் தெரிந்ததாக நினைக்காதீர்கள். கூட வந்தவரை வெளியே அனுப்புங்கள். கதவைச் சாத்துங்கள். அவளிடம் கேளுங்கள். அவள் பதில் சொல்லும்வரை பேனாவை நீட்டாதீர்கள்.